ரோமானிய ஊரின் வீடும் பொதுக்கட்டடமும்: பொம்பெயியில் தண்ணீர் போன வழி

கேள்வி இதுதான்: பழைய ரோமானிய ஊர் ஒன்றில் வீடுகளும் பொதுக்கட்டடங்களும் உண்மையில் எப்படி இருந்தன? புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் அந்த ஒரே வீட்டு வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்? தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் என்ன செய்தார்கள்?

பொம்பெயியை வைத்துச் சொல்கிறேன். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது புதைந்துபோன தென் இத்தாலிய ஊர். மதிலுக்குள் சுமார் 66 ஹெக்டேர். 1748-இல் தோண்டத் தொடங்கினார்கள். இன்றுவரை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் வெளியே வந்திருக்கிறது. ஓஸ்கன் என்ற பழைய இத்தாலிய மொழி பேசியவர்களின் ஊராக இருந்து கி.மு. 80-இல் ரோமானியக் குடியேற்ற ஊரானது. ரோம் நகரத்து அடுக்குமாடிகளை இங்கே தேட வேண்டாம்; அந்த வகையைப் பார்க்க ஓஸ்டியா துறைமுகத்துக்குப் போக வேண்டும். பொம்பெயி பெரும்பாலும் தரைத்தளமும் அதன்மேல் ஒரு மாடியுமாகப் பரந்து கிடந்த ஊர்.

புத்தக வரைபடத்தில் தெருவாசல், ரேழி போன்ற குறுகிய நுழைவழி, நடுவில் கூரை திறந்த ஏட்ரியம் என்ற கூடம், இருபுறமும் சிற்றறைகள், வாசலுக்கு நேர் எதிரே வீட்டுத்தலைவர் ஆட்களைச் சந்திக்கும் டேப்ளினம், அதன் பின்னால் தூண்கள் சூழ்ந்த தோட்டமுற்றம் எல்லாம் இருக்கும். அது பொய்யில்லை. ஆனால் அது வசதி படைத்தவரின் வீடு. தவிர, அதிலுள்ள பெயர்களில் பல, கட்டடக்கலை நூல் எழுதிய விட்ருவியஸ் போன்ற லத்தீன் ஆசிரியர்களிடமிருந்து எடுத்துப் பிற்காலத்தார் ஒட்டியவை. ஏட்ரியம் என்றால் விருந்தினர் வந்து நிற்கும் பளபளப்பான கூடம் என்று படித்திருப்போம். தோண்டும்போது அங்கே அகப்பட்டதோ அலமாரிகள், பணப்பெட்டி, தறியில் பாவு நூலை இழுத்துப் பிடிக்கும் மண் குண்டுகள். ஒரே இடம் காலையில் வரவேற்பறை, மதியம் நெசவுக்கூடம், இரவில் யாராவது பாய் போடும் இடம். ஆகவே வரைபடத்தில் ‘படுக்கையறை’ என்று எழுதியிருந்தால் ‘சிறிய அறை’ என்று படித்துக்கொள்வது பாதுகாப்பு.

இந்த வீடு ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்று புரிய வேண்டுமானால் கூரையைப் பாருங்கள். வீட்டின் மழைத்தண்ணீர் முழுவதையும் உள்ளே வாங்குவதற்காகக் கட்டிய கூடம்தான் ஏட்ரியம். நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரியும். நடுவிலுள்ள திறப்பு காம்ப்ளூவியம். அதற்கு நேர் கீழே தரையில் ஆழமில்லாத தொட்டி, இம்ப்ளூவியம். தொட்டிக்கு இரண்டு வாய்கள். ஒன்று தரைக்கடியில் உள்ள நிலத்தொட்டிக்கு. மற்றொன்று, நிரம்பி மிஞ்சினால் நுழைவழிக்கு அடியில் ஓடும் கால்வாய் வழியாகத் தெருவுக்கு. நிலத்தொட்டியின் மேல் கல் கழுத்து வைத்த கிணற்றுவாய் ஒன்று இருக்கும். வாளி விட்டு மொள்ளலாம். இழுத்து இழுத்துக் கயிறு அறுத்த தடம் சில கல் கழுத்துகளில் இன்றும் தெரிகிறது.

விட்ருவியஸ் கணக்குக் கொடுத்திருக்கிறார். கூடத்தின் நீள அகலம் 5-க்கு 3, அல்லது 3-க்கு 2, அல்லது ஒரு சதுரத்தின் மூலைவிட்டத்துக்கும் பக்கத்துக்கும் உள்ள விகிதம். கூரைத் திறப்பு கூடத்தின் அகலத்தில் கால் பங்குக்குக் குறையாமலும் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமலும் இருக்க வேண்டும். குறைந்தால் இருட்டு, கூடினால் சாரல். தூணே இல்லாத டஸ்கன் வகையில் சுவருக்குச் சுவர் போட்ட இரண்டு பெரிய உத்தரங்கள்தான் நான்கு சரிவுகளையும் தாங்கும். பலவீனம் எங்கே என்று எந்தத் தச்சரும் சொல்லிவிடுவார். இரண்டு சரிவுகள் கூடும் மூலையில்தான் தண்ணீர் சேர்ந்து ஓடும். அங்கே ஓடு ஒன்று நகர்ந்தால் மூலை மரம் அழுகும், அழுகினால் அந்தப் பக்கமே இறங்கும். திறப்பின் நான்கு மூலைக்கும் தூண் கொடுப்பது இன்னொரு வகை. கூரையை வெளிநோக்கிச் சரிக்கும் வகையும் உண்டு; வெளிச்சம் நன்றாக வரும். ஆனால் சுவரோடு இறங்கும் குழாய்கள் பெருமழையை வேகமாக வாங்க முடியாமல் வழிந்து மரத்தையும் சுவரையும் கெடுக்கும் என்று விட்ருவியஸே குறை சொல்கிறார். மராமத்துச் செலவு பார்த்த ஆளின் பேச்சு அது.

நிலத்தொட்டிக்குள் பூசியது சுண்ணாம்போடு ஓட்டுத்தூள் சேர்த்த கலவை. நம் பழைய கொத்தனார்கள் சுர்க்கி என்பார்களே, அதே சரக்கு. சுட்ட களிமண் தூள் சுண்ணாம்போடு சேர்ந்து நீரிலும் இறுகும், நீரை உள்ளே விடாது. தரையும் சுவரும் சேரும் கோணத்தில் கால்வட்டமாக ஒரு தடிப்புப் பட்டை ஓட்டியிருப்பார்கள். வெடிப்பு முதலில் விழுவது அந்தக் கோணத்தில்தான்.

சுவருக்கு வருவோம். பழைய வீடுகளின் முகப்பு சார்னோ ஆற்றுப்படுகைச் சுண்ணக்கல்லில் பெரிய பெரிய பாளங்களாக இருக்கும். ‘அறுவை மருத்துவர் வீடு’ இதற்கு நல்ல சான்று. அடுத்து நுசெரியா பக்கத்து எரிமலைக் கல்லான டஃப். பிறகு கலவையும் கல்துண்டும் கொட்டிய கற்காரைச் சுவர். வெளிமுகத்தில் மட்டும் ஒழுங்கற்ற கற்களையோ, மூலைவாட்டில் வைத்த சதுரக் கற்களையோ, செங்கலையோ பதித்தார்கள். கலவைக்கு விட்ருவியஸ் சொல்லும் அளவு: குழிமணல் என்றால் மணல் 3, சுண்ணாம்பு 1; ஆற்றுமணலோ கடல்மணலோ என்றால் மணல் 2, சுண்ணாம்பு 1. ஆற்றுமணலில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டுத்தூள் கலந்தால் இன்னும் உறுதி. சுவர்ப்பூச்சுக்கு முதலில் மணல் கலவை மூன்று கை, அதன்மேல் பளிங்குத்தூள் கலவை மூன்று கை. இதெல்லாம் ஏட்டுக் கணக்கு. உண்மையில் பல வீடுகளில் இரண்டு மூன்று கைகளோடு முடித்துவிட்டார்கள். சுண்ணாம்பு ஈரம் காயுமுன் ஓவியம் தீட்ட வேண்டும் என்பதால் சுவரை மேலிருந்து கீழாகப் பகுதி பகுதியாகப் பூசினார்கள். கீழே பூசிவிட்டு மேலே வேலை செய்தால் சொட்டி நாசமாகும். ‘ஓவியர்கள் வேலைசெய்த வீடு’ என்று இப்போது அழைக்கப்படும் வீட்டில் ஒரு சுவரின் மேற்பகுதி முடிந்து, நடுக்கட்டம் வெறும் பூச்சோடு நிற்கிறது. எரிமலை வெடித்த நேரத்தில் அங்கே வேலை நடந்துகொண்டிருந்தது. புகழ்பெற்ற ‘பொம்பெயிச் சிவப்பு’ பற்றி ஒரு வார்த்தை: மஞ்சள் காவி சூடேறினால் சிவக்கும். சில சுவர்களின் சிவப்பு அப்படி வந்ததுதான்.

மலிவான உள்சுவர்களுக்கு மரச்சட்டம் கட்டி இடையில் கல்லும் கலவையும் அடைத்தார்கள். விட்ருவியஸுக்கு இது அறவே பிடிக்காது. தீப்பந்தம் மாதிரி பற்றிக்கொள்ளும் என்று திட்டுகிறார். அதில் முழு வீடே கட்டியதை, அதே வெடிப்பில் புதைந்த பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்தில் பார்க்கலாம். அங்கே மரம் கரியாகி நின்றுவிட்டது, மாடிகளும் மிஞ்சின. பொம்பெயியில் முதல் நாள் நுரைக்கல் மழையே இரண்டரை மீட்டருக்கு மேல் குவிந்து, எடை தாங்காமல் கூரைகள் இறங்கின. இன்று நீங்கள் அங்கே பார்க்கும் கூரைகளில் பெரும்பாலானவை நவீன வேலை. மாடி போய்விட்டதால் ஊர் உண்மையில் இருந்ததைவிடக் குட்டையாகத் தெரிகிறது.

அளவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ‘ஃபான் வீடு’ சுமார் 3,000 சதுர மீட்டர்: இரண்டு ஏட்ரியம், இரண்டு தோட்டமுற்றம், அலெக்சாந்தர் போரைக் காட்டும் கல்பதிப்புத் தரை. அதே தெருவோரத்தில் ஒற்றை அறைக் கடைகள். கடைவாசல் படிக்கல்லில் நீளமாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அதில் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகிக் கடையை அடைத்தார்கள். கடைசிப் பலகை இருந்த இடத்தில் மட்டும் கதவு. உள்ளே கல்லில் ஓரிரு படி, மிச்சம் மரப்படி. மேலே பரண் போன்ற ஓர் அறை. கடைக்காரர் குடும்பம் அங்கேதான். அந்தப் பரண் அறையை வரைபடத்தில் யாரும் போடுவதில்லை. பெரிய வீட்டின் முகப்பிலேயே இப்படிக் கடைகளை வைத்து வாடகைக்கு விட்டார்கள். ஜூலியா ஃபெலிக்ஸ் என்ற பெண்மணி தன் வளாகத்தில் குளியலகம், கடைகள், மாடி அறைகளை ஆகஸ்ட் 13 முதல் ஐந்து ஆண்டுக்கு வாடகைக்கு விடுவதாகச் சுவரில் எழுதிவைத்த விளம்பரம் கிடைத்திருக்கிறது. கழிவறைக்குப் பக்கத்திலேயே அடுப்பங்கரை இருந்தது அக்காலத்துப் பெரிய வீடுகளிலும் சாதாரணம். பாத்திரம் கழுவிய தண்ணீரும் குப்பையும் அதே குழியில் போகட்டும் என்ற சிக்கனம். வெட்டிய குழி எரிமலை மண்ணில் நீரை உறிஞ்சிக்கொள்ளும். மாடிக் கழிவறையிலிருந்து சுட்டமண் குழாய்கள் சுவருக்குள் இறங்கின. மூட்டு கசிந்தால் சுவரும் ஊறும், நாற்றமும் வரும். நாற்றத்தைத் தடுக்கும் நீர்ப்பூட்டு என்ற வளைவு அவர்களுக்குத் தெரியாது. ஹெர்குலேனியத்தில் ஓர் அடுக்குக் குடியிருப்பின் கழிவுக்கால்வாயைத் துப்புரவாக அள்ளியபோது எழுநூறு சாக்குகளுக்கு மேல் கழிவு சேர்ந்தது. மீன்முள், விதை, முட்டையோடு எல்லாம் அதில் இருந்தன. எளியவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதை எந்த நூலையும்விட அது நன்றாகச் சொல்கிறது.

பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் மலைநீர்க் கால்வாய் வந்ததும் வீடே மாறியது. அதற்கு முன் மழைத்தண்ணீரும், எரிமலைப் பாறையில் முப்பது மீட்டர்வரை தோண்டிய கிணறுகளும்தான். கால்வாய் ஊரின் மிக உயரமான இடமான வெசுவியஸ் வாசலருகே ஒரு பங்கீட்டு அறைக்கு வந்து மூன்று வழியாகப் பிரிந்தது. அங்கிருந்து தெற்கே ஸ்டாபியா வாசல்வரை முப்பது மீட்டருக்கு மேல் இறக்கம். அந்த அழுத்தத்தை நேரே விட்டால் ஈயக்குழாய் பிளந்துவிடும். அவர்களுடைய குழாய், ஈயத்தகட்டை மடித்துச் சேரும் இடத்தைப் பற்றவைத்தது. குறுக்குவெட்டில் பேரிக்காய் போல இருக்கும். பிளப்பதும் அந்தத் தையலில்தான். அதற்காகத் தெருமுனைகளில் ஆறு மீட்டர் உயரத்துக்குத் தூண்கோபுரங்கள் எழுப்பி, உச்சியில் ஈயத்தொட்டி வைத்தார்கள். தண்ணீர் ஒரு கோபுரத்தில் ஏறித் தொட்டியில் விழும், அழுத்தம் தணியும், அங்கிருந்து பக்கத்துக் குழாயடிக்கும் வீடுகளுக்கும் போகும். மலைநீரில் சுண்ணம் அதிகம். கோபுரங்களின் பக்கத்தில் வழிந்த தண்ணீர் விட்டுப்போன சுண்ணப்படிவை இன்றும் தொட்டுப் பார்க்கலாம்.

தெருக் குழாயடிகள் சுமார் நாற்பது. எரிமலைக் கல் பலகைகள் நான்கை நிறுத்தி, இரும்புக் கொக்கிகளால் பூட்டி, ஈயம் உருக்கி ஊற்றிய தொட்டி. தண்ணீர் இராப்பகலாக ஓடும். வழிவது தெருவைக் கழுவும். மன்றத்துப் (ஃபோரம் என்ற பொதுச் சதுக்கம்) பக்கமும் வேறு சில இடங்களிலும் தவிர மூடிய சாக்கடை இல்லை. தெருவே சாக்கடை. அதனால்தான் நடைபாதை அவ்வளவு உயரம். அதனால்தான் தெருவைக் கடக்கக் கால்வைக்கும் கற்கள், வண்டிச் சக்கரம் போக நடுவில் இடைவெளியோடு. காசுள்ள வீட்டுக்குத் தனிக் குழாய் வந்ததும் ஏட்ரியத்துத் தொட்டி குடிநீர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அலங்கார நீரூற்றானது. பின்பக்கத் தோட்டத்தில் நீர்த்தாரைகள் வந்தன. விடுதலை பெற்ற அடிமைகளான இருவருடையது என்று கருதப்படும் ‘வெட்டியஸ்கள் வீட்டில்’ டேப்ளினமே கிடையாது. கூடத்திலிருந்து நேரே தோட்டமும் நீரூற்றுச் சிலைகளும்தான். பணம் எங்கே காட்டப்பட்டது என்று அதிலேயே தெரிகிறது.

பொதுக்கட்டடங்களில் தண்ணீரும் தீயும் ஒன்றாக வேலை செய்த இடம் குளியலகம். வீட்டில் குளிக்க வசதி சிலருக்குத்தான், மற்றவர்கள் இங்கேதான். உடைமாற்றும் கூடம், வெதுவெதுப்பறை, வெந்நீரறை, குளிர்நீர்த் தொட்டி. வெந்நீரறையின் தரை தொங்குதரை. விட்ருவியஸ் முறை: அடித்தரையை உலைவாய் நோக்கிச் சரித்துப் போட வேண்டும், ஒரு பந்தை உள்ளே விட்டால் உருண்டு உலைவாய்க்கே திரும்பி வர வேண்டும். அனல் தானாக மேட்டுப் பக்கம் பரவ அதுதான் வழி. அதன்மேல் எட்டங்குலச் செங்கல்லால் இரண்டடி உயரச் சிறுதூண்கள். அவற்றின்மேல் இரண்டடி ஓடுகளைப் பரப்பி மேல்தரை. சிறுதூண்களுக்குச் சுண்ணாம்புக் கலவை கூடாது, மயிர் பிசைந்த களிமண்தான். சுண்ணாம்பு இடைவிடாத அனலில் உதிர்ந்துவிடும். சுவரிலும் முலைபோல் குமிழ் வைத்த ஓடுகளைப் பதித்து இடைவெளி விட்டார்கள். அனல் சுவர்வழியே ஏறும். ஸ்டாபியன் குளியலகத்தின் பெண்கள் பகுதியில் இன்னொரு நுட்பம்: தொட்டியோடு இணைந்த அரைவட்ட வெண்கலப் பேழை உலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும்; ஆறிய நீர் அதற்குள் இறங்கிச் சூடேறித் திரும்பும்.

மன்றக் குளியலகத்தின் வெந்நீரறைக் கவான்கூரையில் வரிவரியாகப் பள்ளம் ஓடும் சுதைவேலை இருக்கிறது. அழகுக்காக என்று நினைப்போம். ஆவி குளிர்ந்து நீர்த்துளியாகி, குளிப்பவர் தலையில் சொட்டாமல் பள்ளம்வழியே சுவருக்கு ஓடிவிடும். அதே அறையில் பளிங்குத் தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் வெண்கல எழுத்தில் விலை பொறித்திருக்கிறார்கள்: 5,250 செஸ்டர்ஸ் என்ற ரோமானியக் காசு, ஊர்ப்பணத்தில். செலவைக் கல்லில் காட்டும் இந்தப் பழக்கத்தைப் பொதுக்கட்டடங்கள் பலவற்றில் பார்க்கலாம். ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் இரட்டை ஆட்சியர் பதவிக்கு வந்தவர் கைக்காசிலோ ஊர்ப்பணத்திலோ ஏதாவது கட்டிப் பெயரைப் பொறிப்பது வழக்கம். குவின்க்டியஸ் வால்கஸ், போர்சியஸ் என்ற இருவர் கூரையிட்ட சிறு அரங்கையும், சுமார் 20,000 பேர் அமரும் வாள்வீரர் சண்டை நடக்கும் நீள்வட்ட அரங்கையும் கட்டியதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. கல்லில் கட்டி இன்றுவரை நிற்கும் நீள்வட்ட அரங்குகளில் இதுவே மூத்தது. பூமிக்கடியில் அறைகள் இல்லை. களத்தைத் தோண்டி இறக்கி, அந்த மண்ணையே இருக்கைகளுக்கு மேடாக்கி, மேலே ஏற வெளிப்பக்கப் படிகள் வைத்தார்கள்.

மன்றம் சுமார் 140 மீட்டர் நீளம், 38 மீட்டர் அகலம், வண்டிக்கு அனுமதியில்லை. வடக்கே ஜூபிடர் கோயில், தென்மேற்கே நீதியும் வணிகமும் நடந்த பசிலிக்கா. பசிலிக்காச் சுவர்ப்பூச்சில் யாரோ ‘இங்கே வந்தேன்’ என்று கி.மு. 78 அக்டோபர் 3 தேதியிட்டுக் கிறுக்கியதால்தான் கட்டடம் அதற்கு முந்தியது என்று உறுதியாகத் தெரிகிறது. சந்தை அளவைகளைச் சரிபார்க்கும் அளவுக்கல் ஒன்று ஓரமாக நிற்கிறது. ஒன்பது குழிகள், ஓஸ்கன் அளவிலிருந்து ரோமானிய அளவுக்கு வெட்டி மாற்றியவை. சந்தை மாளிகையின் நடு மேடையருகே மீன் செதில் குவியல் கிடைத்தது. துணி வெளுப்போர் சிலை வைத்துக் கொண்டாடிய யூமாக்கியா என்ற பூசாரிப் பெண்மணி தன் சொந்தப் பணத்தில் எழுப்பிய கட்டடமும் அங்கேதான்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கி.பி. 62-இல் ஒரு நிலநடுக்கம். நாம் பார்ப்பது பதினேழு ஆண்டாகச் சரிசெய்துகொண்டே இருந்த ஊர். மன்றத்து ஜூபிடர் கோயில் 79-இலும் பழுதாகவே கிடந்தது. ஆனால் எகிப்தியத் தெய்வமான ஐசிஸின் கோயில் அடியிலிருந்து புதிதாக எழும்பியது. கட்டிக்கொடுத்ததாகப் பெயர் பொறித்தவன் ஆறு வயதுச் சிறுவன் நுமேரியஸ் பொபீடியஸ் செல்சினஸ். அடிமையாயிருந்து விடுதலை பெற்ற தந்தைக்கு நகரவையில் இடமில்லை, மகனுக்கு உண்டு. வாங்கிக்கொடுத்துவிட்டார். மராமத்தில் இடிபாட்டுக் கல்லையே திரும்பப் பயன்படுத்தினார்கள். செங்கல் வரி, கல் வரி என்று மாற்றி மாற்றி வரும் மூலைகளும் ஒட்டுவேலைகளும் பெரும்பாலும் இந்தக் காலத்தவை. குழாய்கள் உடைந்து, நடைபாதையோரம் புதிதாகப் பதிக்க வெட்டிய பள்ளங்கள் 79-இலும் மூடப்படாமல் திறந்தே கிடந்தன.

இன்றும் அந்தச் சுவர்களுக்கு எதிரி தண்ணீர்தான். ‘ஆயுதவீரர் கூடம்’ 1943-இல் குண்டுவீச்சில் சேதமாகி, பிறகு கனமான கான்கிரீட் கூரையோடு திருப்பிக் கட்டப்பட்டது. 2010 நவம்பர் 6 அன்று தொடர்மழைக்குப்பின் சரிந்தது. தோண்டப்படாத பக்கத்து மண் ஈரம் குடித்துச் சுவரைத் தள்ளியது. மேலே பழைய சுவர் சுமக்க முடியாத பாரம். அதன்பின் 10.5 கோடி யூரோவில் வந்த பெருந்திட்டத்தில் முக்கிய வேலையே தோண்டாத மேடுகளின் விளிம்பைச் சரிவாகச் செதுக்கி வடிகால் போடுவது. ஐந்தாம் வட்டாரத்தில் அப்படி மண்ணை அகற்றும்போது ஒரு வீடு வெளிப்பட்டது. அந்த வீட்டிலும் மராமத்து நடந்துகொண்டிருந்தது. பூச்சு வேலை முடியாத ஒரு சுவரில் கரித்துண்டால் எழுதியிருந்தது, நவம்பர் முதல் நாளுக்குப் பதினாறு நாள் முன், அதாவது இரு முனை நாட்களையும் சேர்த்து எண்ணும் ரோமானியக் கணக்கில் அக்டோபர் 17. தொட்டால் அழியும் கரி அது. எரிமலைக்குச் சற்று முன்னால்தான் எழுதியிருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். ஆகஸ்ட் 24 என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்த வெடிப்பு நாள் உண்மையில் இரண்டு மாதம் தள்ளி இருக்கலாம் என்ற வாதத்துக்கு அந்தக் கரிக்கோடு வலு சேர்க்கிறது; விவாதம் இன்னும் முடியவில்லை.